கலிங்கத்தில் எழுதாதது

நெய்வேலி, பிளாக் 18
12 ஜூன் 2025

அன்புள்ள தம்பி அறிவுக்கு,

உன் போனில் என் அழைப்பு வராதபடி நம்பரை அடைத்துவிட்டாய். மாற்றலாகிப் போன அன்றைக்கே செய்திருப்பாய். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உன்னோடு அறையில் இருக்கும் அருளின் வீட்டில் கேட்டு உன் மெஸ் விலாசம் வாங்கினேன். கிழிப்பதானால் முதல் பக்கத்தையாவது படித்துவிட்டுக் கிழி. ஒரு தகவல் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் எங்கள் பள்ளியில் கண்காட்சி. சமூக அறிவியல் எடுக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பழைய வருடத்தை எடுத்துக்கொண்டு, அந்த ஒரே வருடத்தில் உலகத்தில் எங்கெங்கே என்ன நடந்தது என்று சார்ட் போட வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு கி.மு. 260 விழுந்தது. மூன்று சங்கதி தேறியது. அதுவரை கடலில் சண்டையே போட்டுப் பழகாத ரோமாபுரிக்காரர்கள், தரைதட்டி நின்ற எதிரிக் கப்பல் ஒன்றைப் பார்த்து நூற்றுச் சொச்சம் கப்பல் கட்டி, துடுப்புக்காரர்களைத் தரையில் பலகை போட்டு உட்காரவைத்துப் பழக்கி, கார்த்தேஜ் கடற்படையை ஜெயித்தார்கள். சீனத்தில் சின் நாட்டுக்கும் சாவ் நாட்டுக்கும் நடந்த பெரும்போர் அந்த வருடம்தான் முடிந்தது. மூன்றாவது அசோகரின் கலிங்கப் போர். இதற்கு மட்டும் 261 என்று ஒரு கட்சி, 260 என்று ஒரு கட்சி. ஒரு வருடம் முன்னே பின்னே இருந்தால் நெய்வேலியில் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று சேர்த்துக்கொண்டேன். நம் கெடில ஆற்றங்கரையில் அந்த வருடம் என்ன நடந்தது என்றும் தேடினேன். யாரும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. நம் ஆட்களுக்கு அப்போதும் மறைக்கத்தான் தெரிந்திருக்கிறது போல.

கலிங்கம் என்பது நீ இருக்கும் ஒடிசாதான். புவனேசுவரம் பக்கத்தில் தௌலி என்ற இடத்தில் அசோகர் எழுதிய பாறை இருக்கிறதாம். போனால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. பிப்ரவரியில் மெடிக்கல் ஆபீசரிடம் போய், என் தம்பிக்கு வலிப்பு வருகிறது, தீபாவளிக்கு ஒரு தடவை விழுந்தான், பொங்கலுக்கு ஒரு தடவை விழுந்தான், அதை மறைத்துக்கொண்டு மைன்ஸில் மெஷின் ஓட்டுகிறான் என்று சொன்னது நான்தான். உன்னை மெஷினிலிருந்து இறக்கினார்கள். நீ கோபத்தில் ஒடிசாவில் இருக்கும் கம்பெனி மைன்ஸுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். சனிக்கிழமை தோறும் அம்மாவைப் பார்க்க வடக்குத்துக்குப் போகிறேன். அம்மா தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறது, ஒரு வார்த்தை பேசுவதில்லை. மறுபடி அந்த நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

மருந்து சாப்பிடுகிறாயா?

அக்கா
மலர்கொடி

*

சம்பல்பூர் பக்கம்
30 ஜூன் 2025

அக்காவுக்கு,

நீ சொன்ன பாறை இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர். போட்டோ கூகிளில் கிடைக்கும். வாத்தியாரம்மாவுக்கு இது தெரியாதா?

நான் ஸ்டோரில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது சீட்டு கொண்டுவந்தால் பேரிங், போல்ட்டு, கையுறை எடுத்துக் கொடுக்க வேண்டும். பதினோரு வருடம் பக்கெட் வீல் மெஷின் ஓட்டியவன் நான். உயரத்தில் கேபினில் உட்கார்ந்து நான் சக்கரத்தைத் திருப்பினால் மேல்மண் வழிந்து பெல்ட்டில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். மழைக்காலத்தில் மண் எப்போது சரியும் என்று சத்தத்திலேயே சொல்வேன். இங்கே கையுறை எட்டாம் நம்பரா ஒன்பதாம் நம்பரா என்று கேட்கிறார்கள்.

இரண்டே தடவை விழுந்தேன். இரண்டும் லீவு நாளில், வீட்டில். மெஷினில் ஒரு நாளும் கண் செருகியதில்லை. உனக்கு என்ன அவசரம்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். காடாம்புலியூரில் இசைப்பிரியா வீட்டில் எதையும் சொல்லிவிடாதே. தையில் கல்யாணம். ஒடிசாவில் பிரமோஷன் வரும் என்றுதான் மாற்றல் வாங்கினேன் என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வலிப்பு என்று தெரிந்தால் எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து எழுது.

போனை அடைத்தது அடைத்ததுதான். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். எழுதுவதானால் எழுது.

அறிவழகன்

*

நெய்வேலி
16 ஜூலை 2025

அன்புள்ள அறிவுக்கு,

சத்தியம் செய்ய மாட்டேன். செய்தால் காப்பாற்ற வேண்டும்.

என்ன அவசரம் என்று கேட்டிருக்கிறாய். பொங்கலன்று நீ விழுந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாய். பேசிக்கொண்டே இருந்தவனின் கண் ஒரு பக்கமாகப் போனது. அடுத்த நிமிடம் தரையில் கிடந்தாய். அதே கை மெஷினில் இருந்தால் கீழே நிற்கும் ஆட்கள் என்ன ஆவார்கள்? மூன்று தடவை உன்னிடம் சொன்னேன். மூன்று தடவையும் 'ஷிப்டுக்கு நேரமாச்சு' என்று எழுந்து போனாய். அதற்குப் பிறகுதான் ஆபீசரிடம் போனேன்.

சார்ட்டுக்காகச் சீனத்துப் போரைப் படித்தபோது ஒரு பெண்பிள்ளை குறுக்கே வந்தாள். சாவ் நாட்டு ராஜா, சாவ் குவோ என்ற இளைஞனைப் படைத்தலைவனாகப் போடுகிறார். அவன் தகப்பன் பெரிய தளபதி. மகன் யுத்தத்தை வாயால் ஜெயிக்கிறவன், இவன் கையில் படையைக் கொடுத்தால் படை அழியும் என்று சாவதற்கு முன்பே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். சேதி கேட்டதும் தாய் நேரே ராஜாவிடம் போனாள். என் மகனை அனுப்பாதீர்கள், அவன் தகப்பனைப் போல இல்லை என்றாள். பெற்ற தாய், தன் பிள்ளைக்கு வந்த பதவி வேண்டாம் என்கிறாள். ராஜா கேட்கவில்லை. அவன் போனான், அம்பு பட்டுச் செத்தான். சரணடைந்த சிப்பாய்கள் நாலு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அத்தனை இருக்காது, குறைவாகத்தான் இருக்கும் என்கிறார்கள் இப்போது ஆராய்கிறவர்கள். எத்தனை என்றாலும் அந்தத் தாய் முன்கூட்டிச் சொன்னது நடந்தது.

படித்துவிட்டு ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து அழுதேன். டிராயிங் மாஸ்டர் பன்னீர்செல்வம் சார் தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

போன சனிக்கிழமை அம்மா வாயைத் திறந்தது. "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லிக்கீறாங்க. நீ ஒரு மெய்யச் சொல்லி புள்ள பொழப்ப கெடுத்துட்ட. அவன் அங்க யார் வூட்டுச் சோத்துக்கு நின்னுகினு கீறானோ" என்றது. ஆயிரத்தில் இது சேராதும்மா என்றேன். மறுபடி தோட்டத்துப் பக்கம் போய்விட்டது.

அக்கா

*

சம்பல்பூர் பக்கம்
5 ஆகஸ்ட் 2025

அக்காவுக்கு,

உன் சீனத்துத் தாய் கதையை அருளின் போனில் தேடிப் படித்தேன். முழுக் கதையை நீ ஏன் எழுதவில்லை? ராஜா கேட்கவில்லை என்றதும் அவள் இன்னொன்று கேட்டாள். 'அப்படியே அவனை அனுப்புவதானால், அவன் தோற்றால் எனக்குத் தண்டனை வரக்கூடாது' என்றாள். ராஜா சரி என்றார். மகன் செத்த பிறகும் அவள் தலை தப்பியது. அவள் மகனைக் காப்பாற்றவில்லை அக்கா. தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள். அந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிட்டாய்.

நீயும் அதைத்தான் செய்தாய். எழுதவா?

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது முதல் தடவை விழுந்தேன். அம்மா என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தது. நீ கதவைச் சாத்தினாய், பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று. திருவதிகை கோயிலில் வேண்டிக்கொண்டீர்கள். டாக்டரிடம் யாரும் கூட்டிப் போகவில்லை. போனால் சீட்டில் எழுதிவிடுவார் என்று பயம். அதற்கப்புறம் வரவில்லை, எல்லாரும் மறந்துவிட்டோம். 2014-ல் வேலை வந்தது. மருத்துவப் படிவத்தில் 'எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா' என்று ஒரு கேள்வி. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்று அந்தப் படிவத்தை நிரப்பியது யார்? 'இல்லை' என்று எழுதியது யார்? நான் கீழே கையெழுத்துப் போட்டேன், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 'இல்லை' உன் முத்தான எழுத்து.

பிப்ரவரியில் ஆபீசரிடம் போனாயே, இதையும் சொன்னாயா?

அறிவழகன்

*

நெய்வேலி
1 செப்டம்பர் 2025

அன்புள்ள அறிவுக்கு,

சொல்லவில்லை.

இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று வாரம் ஆனது. ஐந்து தாளைக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு காரணம் எழுதியிருந்தேன். எல்லாமே பாதி உண்மை.

நடந்தது இதுதான். ஆபீசர் 'இவருக்கு முன்பே வந்திருக்கிறதா' என்று கேட்டார். எனக்குத் தெரிந்து இப்போதுதான் என்றேன். நானும் இதே டவுன்ஷிப்பில் கம்பெனிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன், இதே குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். படிவத்தில் பொய் எழுதிக் கொடுத்தவள் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்தேன். உன்னை இறக்கிவிட்டு நான் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அந்தத் தாய் கேட்ட இரண்டாவது வரியை நான் படிக்காமல் இல்லை. படித்துவிட்டுத்தான் விட்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. உன்னை இறக்கியதற்கு இல்லை. தனியாக இறக்கியதற்கு.

கண்காட்சி முடிந்தது. பன்னீர்செல்வம் சார் சீனத்துத் தளபதிக்குக் காலண்டர் முருகன் முகத்தை வரைந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாம் ரோமாபுரிக் கப்பலை மட்டும் பார்த்தார்கள். அந்தக் கப்பலில் ஒரு பாலம் உண்டு, அதன் நுனியில் கூர்மையான இரும்பு. எதிரிக் கப்பல் பக்கத்தில் வந்ததும் பாலத்தை அதன்மேல் இறக்கினால் குத்திக்கொண்டு நிற்கும். சிப்பாய்கள் அதில் ஓடிப்போய்த் தரையில் சண்டை போடுகிற மாதிரி போடுவார்கள். கடலில் சண்டை தெரியாது என்பதை ஒப்புக்கொண்டதால்தான் அந்த யோசனையே வந்திருக்கும். உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

கண்காட்சிக்கு மறுநாள் ஆபீசரிடம் போனேன். படிவத்தில் 'இல்லை' என்று எழுதியது நான், அப்போதே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அவர் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். கொடுத்துவிட்டேன். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியாது. ஆனது ஆகட்டும். அம்மாவிடமும் சொன்னேன். "நீயும் ஏண்டி போய் தலைய குடுத்த" என்று கேட்டது. ஏழு மாதத்தில் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

இசைப்பிரியா விஷயம். நானாகக் காடாம்புலியூர் போக மாட்டேன். உன் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் பத்திரிகை அடிக்கிற வரை நீ சொல்லாமல் இருந்தால், அன்றைக்கு நான் போவேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்த முறை உன் முதுகுக்குப் பின்னால் செய்ய மாட்டேன்.

அக்கா

*

சம்பல்பூர் பக்கம்
24 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுத வரவில்லை. நீ ஆபீசரிடம் மறுபடி போவாய் என்று நான் நினைக்கவில்லை. போகச் சொல்லியும் கேட்கவில்லை. உன் வேலைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

தீபாவளிக்கு ஊருக்கு வரவில்லை. அருள்தான் பிடித்து இழுத்துக்கொண்டு புவனேசுவரம் போனான், நரம்பு டாக்டரிடம். போன மாதம் மெஸ்ஸில் ஒரு தடவை விழுந்தேன். உனக்கு எழுதவில்லை. டாக்டர் ஸ்கேன் எடுத்தார், மாத்திரை கொடுத்தார். ஒரு நாளும் விடக்கூடாது என்றார். பதினேழு வயதிலேயே வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றும் சொன்னார். வெளியே வந்து கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

சாயங்கால வண்டிக்கு நேரம் இருந்தது. உன் பாறையைப் பார்த்துவிடலாம் என்று தௌலிக்குப் போனோம். பாறைக்கு மேலே யானையின் முன்பாதியைச் செதுக்கியிருக்கிறார்கள். கீழே பொடி எழுத்து, கண்ணாடி போட்டு மூடியிருக்கிறது. அங்கே தஞ்சாவூரிலிருந்து வந்த கல்லூரிக்காரர் ஒருவர் தன் ஆட்களுக்குத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார், நாங்களும் நின்று கேட்டோம். கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் செத்தார்கள், ஒன்றரை லட்சம் பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அதற்காக வருந்துகிறேன் என்று அசோகர் எழுதியது எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறதல்லவா. அது எங்கெங்கோ தூரத்துப் பாறைகளில் இருக்கிறதாம். இந்தப் பாறையில் அது இல்லை. கலிங்கத்தில் மட்டும் அதை எழுதவில்லை. அதற்குப் பதிலாக, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று வேறு ஒன்று எழுதியிருக்கிறது.

நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஏன் என்று. அவர் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்றார். அருள் சொன்னான், "அடி வாங்குனவங்க மூஞ்சிய பாத்து சொல்ல வாய் வந்திருக்காதுடா."

வண்டியில் தூக்கம் வரவில்லை. நான் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அருளுக்குத் தெரியும். மெஸ்ஸில் எல்லாருக்கும் தெரியும். சொல்ல வேண்டிய ஆளுக்கு மட்டும் தெரியாது. இசைப்பிரியா தினமும் போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன். பிரமோஷனுக்கு வந்தேன் என்று எட்டு மாதமாக ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் எழுதி ஒரு கவரில் வைத்திருக்கிறேன். இதோடு இருக்கிறது. நீ கொண்டுபோய் அவளிடம் கொடு. உன்னால் முடியும், என்னால் முடியாது.

அறிவு

*

நெய்வேலி
3 நவம்பர் 2025

தம்பி,

கவரைப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன்.

நான் கொடுத்தால் அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் படிப்பாள், என்னிடம்தான் கேள்வி கேட்பாள். பதில் சொல்ல நான் கெட்டிக்காரி என்று உனக்கே தெரியும். வேண்டாம்.

அசோகருக்கும் நல்ல தூதர்கள் இருந்திருப்பார்கள். கலிங்கத்தாரிடம் அவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அக்கா

*

சம்பல்பூர் பக்கம்
2 டிசம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கவர் திரும்பி வந்ததும் உன்மேல் வந்த கோபத்தில் அன்றைக்கே டிக்கெட் போட்டேன். போன மாதம் 23-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூர் போனேன். உனக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை. வடக்குத்து வழியாகத்தான் பஸ் போனது, இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அம்மா என்னைப் போக விட்டிருக்காது.

வீட்டில் இசைப்பிரியாவும் அவள் அப்பா பழனிவேல் மாமாவும் இருந்தார்கள். முந்திரித் தோப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். காபி கொடுத்தார்கள். குடித்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பதினேழு வயதில் விழுந்தது, படிவம், மெஷினிலிருந்து இறக்கியது, பிரமோஷன் பொய், மாத்திரை. படிவத்தில் உன் பெயரைச் சொல்லவில்லை, நான்தான் என்றேன். கையெழுத்து என்னுடையதுதானே.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "இத்தினி நாளா சொல்லாம இருந்துகினு, இப்ப வந்து சொல்றீங்களே. பத்திரிகைக்கு மாடல் பாத்துகினு கீறோம். ஊர்ல நான் என்னா பதில் சொல்றது" என்றார். கிளம்பலாம் என்று செருப்பைத் தேடினேன்.

இசைப்பிரியா வாசலுக்கு வந்து, "வந்துச்சின்னா கூட இருக்கறவங்க என்னா செய்யணும்?" என்று கேட்டாள்.

அக்கா, இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஏன் வந்தது, யாருக்குத் தெரியும், இனி வருமா, வேலை போகுமா, எல்லாம் கேட்டிருக்கிறார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பக்கத்தில் இருக்கும் சாமானை நகர்த்த வேண்டும், அமுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஒருக்களித்துத் திருப்ப வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. "சொன்னா மனசுல நிக்காது. படுத்துக் காட்டுங்க" என்றாள்.

கூடத்தில் சிமெண்டுத் தரையில் படுத்தேன். மாப்பிள்ளையாகப் போன வீட்டில் மல்லாந்து கிடந்தேன். அவள் முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை முழங்காலிலும் வைத்து என்னைத் தன் பக்கம் திருப்பினாள். முதல் தடவை என் கை அடியில் மாட்டிக்கொண்டது. வலிக்கிறது என்றேன். "பேசாதீங்க, உங்களுக்குத்தான் நினைவு இல்லியே" என்றாள். இரண்டாம் தடவை சரியாக வந்தது. மாமா உள்ளே போய் ஒரு தலையணை எடுத்துவந்து என் தலைக்குக் கீழே வைத்தார். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன், அழுதது தெரியக்கூடாது என்று. தெரிந்திருக்கும்.

கல்யாணம் தையில் இல்லை. "ஒரு வருசம் ஒழுங்கா மாத்திரைய சாப்புட்டுகினு இருங்க. அப்புறம் பேசிக்கலாம். வாக்கு குடுக்கல" என்று மாமா சொன்னார். அது நியாயம்தான். ஒரு வருடத்தில் அவர் வேறு இடம் பார்க்கலாம், அவளே மனசு மாறலாம். இப்போதைக்கு அவள் போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், மாத்திரையைத்தான் கேட்கிறாள். சாப்பிட்டேன் என்று உண்மையைச் சொல்கிறேன்.

உன் மேல் இருந்த கோபம் முழுசாகப் போகவில்லை. மெஷின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது, அது போகிற வரை கொஞ்சம் இருக்கும். ஆனால் ஒன்று புரிந்தது. இத்தனை வருடத்தில் நாம் மூன்று பேரும் அதை மறைக்கத்தான் பழகினோம். நான் விழும்போது என்ன செய்வது என்று யாரும் பழகவில்லை. நானும் உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

20-ம் தேதி சனிக்கிழமை வருகிறேன். நீ அம்மா வீட்டில்தான் இருப்பாய். கூடத்தில் சாமானை எல்லாம் ஒதுக்கி ஒரு பாய் விரித்து வை, கதவைச் சாத்த வேண்டாம். நான் படுத்துக் காட்டுகிறேன். முதலில் அம்மா திருப்பட்டும், அப்புறம் நீ.

தம்பி
அறிவு